பெர்கனில் ஒரு மழை நாள்: இலையுதிர்காலத்தில் கப்பலில் வருபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நார்வேயின் பெர்கனில் சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கிய அன்று, காலை ஒன்பதரை மணிக்கெல்லாம் ஃப்ளோயன் மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தோம். ஊரும் துறைமுகமும் காலடியில் தெரியும் என்று ஆசை காட்டித்தான் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் உலர்த்தப் போட்ட வேட்டி மாதிரி ஒரே வெள்ளை. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு இறங்கினோம். மதியம் மூன்று மணிக்கு மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தபோது, கப்பலுக்குத் திரும்பும் வரிசையில் இருந்தோம். "இன்னொரு தரம் ஏறிப் பாத்துட்டு வந்துடலாமாப்பா?" என்று அம்மா கேட்டார். நேரம் இல்லை.

அடுத்து ஒரு அக்டோபரில் போனபோது அந்தத் தவறைச் செய்யவில்லை. அன்றும் மழைதான், ஆனால் பார்க்க நினைத்த எதையும் விடவில்லை. இரண்டு நாளுக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெர்கனில் கூரைக்குக் கீழே உள்ளவற்றுக்கு நேரம் குறிக்கலாம், மலைக்கு மட்டும் குறிக்கக் கூடாது. மலைக்கான நேரத்தை மழைதான் சொல்லும். கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு விதியை வைத்து எழுதியது.

முதலில் இந்த மழையைப் புரிந்துகொள்ளுங்கள்

பெர்கன் நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கிறது. நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். ஊரைச் சுற்றி ஏழு மலைகள் என்பது அவர்கள் கணக்கு. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்குக் காற்று இந்த மலைகளில் முட்டி மேலெழும்பி, குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை. வருடத்தில் 200 நாட்களுக்கு மேல் ஏதாவது ஒரு வடிவில் நனையும். 2006 அக்டோபர் 29 தொடங்கி 2007 ஜனவரி 21 வரை தொடர்ந்து 85 நாள் மழை பெய்த ஊர் இது. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைதான் உச்சம்.

எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நம் ஊர் ஐப்பசி மழை மாதிரி இரண்டு மணி நேரத்தில் தெருவை ஆறாக்கிவிட்டுப் போகும் மழை இங்கே குறைவு. பெரும்பாலும் தூறல், இல்லாவிட்டால் காற்றோடு வரும் சாரல். நாள் முழுக்க நின்று நின்று பெய்துதான் அந்த 2,400 சேர்கிறது.

இலையுதிர்கால மழை நாட்களை நான் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று அடைப்பு நாள். வானம் ஒரே சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடக்கும், தூறல் விடாது, மேகம் மலையின் இடுப்பு வரை இறங்கியிருக்கும். இன்னொன்று விட்டுவிட்டுப் பெய்யும் நாள். மழைப்பட்டை கடந்துபோன பின் வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசும்போது இப்படி அமையும். பத்து நிமிடம் கொட்டும், அரை மணி நேரம் வெயில் அடிக்கும், துறைமுகத்தின் மேல் வானவில் நிற்கும், மறுபடி கொட்டும். உங்களுக்கு எந்த வகை வாய்த்திருக்கிறது என்பதை முந்தின இரவே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

படி 1: எந்த மாதம், எந்தக் கப்பல்

தேர்வு உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை பாருங்கள். மலைச்சரிவில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கோடைக் கூட்டம் வடிந்திருக்கும். செப்டம்பரில் பகல் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி, அக்டோபரில் 11, 12. நவம்பரில் அதற்கும் கீழே.

வெப்பத்தை விட வெளிச்சத்தைத்தான் பார்க்க வேண்டும். பெர்கன் 60 டிகிரி வடக்கில் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் பகல் தினமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் சுருங்கிக்கொண்டே போகும். செப்டம்பர் கடைசியில் மாலை ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் 15 வாக்கில் சூரிய உதயம் எட்டேகாலுக்கு, மறைவு ஆறரைக்கு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவிடுவார்கள். அதனால் நவம்பர் முதல் வாரத்தில் மாலை நாலரை வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். ஒரே கட்டணத்தில் இரண்டு தேதி கிடைத்தால் முந்தைய தேதியை எடுங்கள்.

முன்பதிவு செய்யும் முன் கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று பாருங்கள். எட்டு முதல் ஐந்து என்று போட்டிருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். இறங்க முக்கால் மணி நேரம், புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஏறியாக வேண்டிய கட்டாயம், போக்குவரத்துக்கு ஒரு அரை மணி என்று கழித்தால் ஏழு மணி நேரம்தான் மிஞ்சும். இந்த ஊரை ஏழு மணி நேரத்தில் நன்றாகப் பார்க்கலாம். ஐந்துக்குக் குறைந்தால் மலையும், துறைமுக ஓரத்துப் பழைய மரவீட்டு வரிசையான பிரிக்கனும் தவிர வேறு எதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

படி 2: விசா

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. சில மணி நேரம்தானே, கப்பலிலேயே இருந்துகொள்கிறோம் என்ற சமாதானமெல்லாம் எடுபடாது. விசா இல்லாவிட்டால் புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்ற மறுத்துவிடும் கப்பல் நிறுவனங்கள் உண்டு.

கப்பல் சவுத்தாம்டனிலிருந்து கிளம்பினால் பிரிட்டிஷ் விசா, ஷெங்கன் விசா இரண்டும் வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலோ கீலிலோ ஏறி நடுவில் பிரிட்டன் துறைமுகம் எதிலும் நிற்காமல் போனால் ஷெங்கன் மட்டும் போதும். நடுவில் எடின்பரோ மாதிரி ஒரு நிறுத்தம் வந்தால் பிரிட்டிஷ் விசாவும் சேரும். ஷெங்கனும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டிஷ், கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் குறுகிய தங்கலுக்கு இந்தத் தலைவலி இல்லை.

படி 3: கப்பல் எங்கே கட்டுவார்கள் என்று கண்டுபிடியுங்கள்

பெர்கனில் பெரிய கப்பல்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் நிற்கும். ஸ்கோல்டன் துறை ஊரின் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோட்டையை ஒட்டிப் பத்து நிமிடம் நடந்தால் பிரிக்கன். யெக்தெவீக்கன் துறை ஊரின் மறுபக்கம், சரக்குத் துறைமுகத்துக்குள் இருக்கிறது. அதற்குள் நடந்து போக விடமாட்டார்கள், ஷட்டில் பஸ்ஸில்தான் ஊர் மையத்துக்கு வர வேண்டும். துறைமுக இணையதளத்தில் கப்பல் அட்டவணை இருக்கும். உங்கள் தேதியில் எந்தத் துறை, கூட எத்தனை கப்பல்கள் என்று பார்த்துவிடலாம். ஒரு நாளில் இறங்கும் பயணிகளுக்கு 8,000 என்று நகரம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பை நெருங்கும் நாளில் ஃப்ளோயனுக்கு ஏறும் மலை ரயிலுக்கு வரிசை நீளும். உங்களுடையது ஒன்றே கப்பல் என்றால் பிரிக்கன் சந்துகளில் உங்கள் காலடிச் சத்தமே உங்களுக்குக் கேட்கும்.

படி 4: உடை

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நாளை நல்லதாக்குவதும் கெடுப்பதும் உடைதான்.

குடையை நம்பாதீர்கள். துறைமுகத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. சாரல் பக்கவாட்டில் அடிக்கும், குடை மடங்கும். ஊர்க்காரர்களைப் பாருங்கள், தலைமூடியுள்ள மழை ஜாக்கெட்டில்தான் நடப்பார்கள். பத்து ரூபாய் பிளாஸ்டிக் பாஞ்சோவும் உதவாது, காற்றில் முகத்தின் மேல் ஏறிக்கொள்ளும். உங்களுக்குத் தேவை நீர் புகாத, தையலில் டேப் ஒட்டிய ஒரு ஜாக்கெட். போட்டிருக்கும் பேண்ட்டின் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்குத் தொளதொளப்பான மழை பேண்ட். ஜாக்கெட்டுக்குள் ஒரு ஃப்ளீஸ் மேல்சட்டை, அதற்குள் கம்பளி அல்லது செயற்கை இழை பனியன். பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனால் முதல் சாரலிலேயே முழங்காலுக்குக் கீழே கனக்கத் தொடங்கி மாலை வரை காயாது.

சேலை கட்டித்தான் பழக்கம் என்னும் அம்மா, அத்தை, பாட்டி கூட வந்தால் அன்று ஒரு நாள் மட்டும் சல்வாருக்கு மாறச் சொல்லுங்கள். என் அம்மா முதல் முறை சேலையில் வந்தார், கொசுவம் முழுக்க ஈரம் ஏறி மாலை வரை நடுங்கினார். இரண்டாம் முறை சல்வாருக்கு மேல் மழை பேண்ட், கழுத்தில் கம்பளி மஃப்ளர். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

ஷூவில் கவனிக்க வேண்டியது அடிப்பகுதியின் பிடிப்பு. பிரிக்கன் சந்துகளில் தரை முழுக்கப் பழைய மரப்பலகை. நனைந்தால் பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி வழுக்கும். கருங்கல் பாவிய தெருக்களும் அப்படியே. ஒரு ஜோடி உலர்ந்த காலுறையை ஜிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மதியச் சாப்பாட்டின்போது மாற்றிக்கொண்டால் மறுபாதி நாளுக்குப் புதுத் தெம்பு வரும். கண்ணாடி போடுபவர்கள் ஜாக்கெட் தொப்பிக்குள் முன்விளிம்பு உள்ள ஒரு கேப் வைத்துக்கொண்டால் கண்ணாடியில் துளி விழாது.

படி 5: எதை முன்பதிவு செய்வது, எதை விடுவது

காற்று மோசமானால் கப்பல் பெர்கனுக்கே வராமல் போகலாம், இலையுதிர்காலத்தில் அது நடக்கக்கூடிய ஒன்று. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்கியிருந்தால் பணம் திரும்பும். வெளியே தனியாக வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் விதிப்படிதான். எனவே வெளியே வாங்குவது எதுவாக இருந்தாலும் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்திருக்கும் ஃபியோர்டு பார்க்க ஆசைப்பட்டால் ஊர்த் துறைமுகத்திலிருந்தே மோஸ்த்ரௌமன் என்ற குறுகிய நீர்வழி வரை போய்வரும் படகு இருக்கிறது. சுமார் மூன்றரை மணி நேரம். மழை நாளில் அது வீணில்லை. பாறைகளில் நேற்றுவரை இல்லாத அருவிகளெல்லாம் உயிர்பெற்றிருக்கும், உட்காரும் இடம் மூடிய அறை. ஆனால் உங்கள் ஏழு மணி நேரத்தில் பாதி போய்விடும். கப்பல் ஏற்கனவே ஃபியோர்டுக்குள் இருக்கும் கெய்ராங்கரிலோ ஃப்ளோமிலோ நிற்கிறது என்றால் இங்கே அதைத் தவிர்த்துவிடுங்கள். பெர்கனிலிருந்து ரயில், பஸ், படகு என்று மாறி மாறி ஃப்ளோம் போய்வரும் பிரபலமான சுற்று முழு நாளை விழுங்கும். கப்பலில் வந்தவர்கள் அதைத் தனியாக முயல வேண்டாம்.

மலை ரயிலுக்கு நேரம் குறித்த சீட்டை வாங்காதீர்கள், மாற்ற முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். பராமரிப்புக்காக அது சில நாட்கள் நிறுத்தப்படுவதுண்டு. உங்கள் தேதியை அவர்கள் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அருங்காட்சியகங்களுக்கு அப்படியே நேர்மாறு. கோடை முடிந்ததும் திறக்கும் நேரம் குறையும், திங்கட்கிழமை மூடும் இடங்களும் உண்டு. வழிகாட்டிப் புத்தகங்கள் புகழும் ஃபான்தோஃப்ட் மரக்கோயில் செப்டம்பர் நடுவிலேயே மூடிவிடும். 1992இல் எரிந்துபோய் 1997இல் மறுபடி கட்டப்பட்டது அது. உங்கள் நாள் ஞாயிறு என்றால் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், கம்பளி ஸ்வெட்டர் வாங்கும் திட்டத்தை வேறு துறைமுகத்துக்கு மாற்றுங்கள்.

பணம் மாற்ற வேண்டியதில்லை. காப்பிக்கும் கழிப்பறைக்கும்கூட அட்டைதான். யூரோ நோட்டு இங்கே செல்லும் என்று எண்ணிப் போகாதீர்கள், நாணயம் குரோனர்.

படி 6: முந்தின இரவு

நார்வேக்காரர்கள் எல்லோரும் பார்ப்பது 'ஈர்' (Yr) என்ற வானிலைச் செயலி. நார்வே வானிலை நிறுவனமும் அரசு ஒலிபரப்பான என்ஆர்கேயும் சேர்ந்து நடத்துவது. இலவசம். கப்பலில் இணையம் கிடைக்கும்போது பெர்கனைப் போட்டு மணிவாரி அட்டவணையைத் திறங்கள். படத்தை விடுங்கள், எல்லா மணிக்கும் மழைத்துளிப் படம்தான் இருக்கும். பக்கத்தில் உள்ள மி.மீ. எண்ணைப் படியுங்கள்.

என் கணக்கு இது. மணிக்கு 0.5 மி.மீ.க்குள் இருந்தால் தூறல், தாராளமாக நடக்கலாம். ஒன்றை ஒட்டினால் மழை பேண்ட் போட்டுக்கொண்டு நடக்கலாம். இரண்டைத் தாண்டினால் கூரைக்குக் கீழே போய்விடுவது நல்லது. காற்று வினாடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டினால் உல்ரிக்கன் மலையின் கேபிள் கார் நிற்க வாய்ப்புண்டு, அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எண்கள் எல்லா மணிக்கும் ஒரே அளவாக இருந்தால் அடைப்பு நாள். 0, 1.8, 0.2, 0, 1.5 என்று குதித்தால் விட்டுவிட்டுப் பெய்யும் நாள். இரண்டாம் வகையில் மணியை மிக நம்ப வேண்டாம், இடைவெளிகள் இருக்கும் என்பதை மட்டும் நம்புங்கள். கரையில் இறங்கிய பிறகு அடுத்த 90 நிமிடத்துக்கான மழை வரைபடத்தை அதே செயலி காட்டும். அது ராடாரை வைத்துச் சொல்வதால் நல்ல துல்லியம்.

இன்னொரு வேலையும் இரவிலேயே செய்யுங்கள். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் ஒன்றா என்று வரவேற்பு மேசையில் கேளுங்கள். பிரிட்டனிலிருந்து வரும் கப்பலில் ஒரு மணி நேர வித்தியாசம் வரலாம், கைப்பேசி கரை நேரத்துக்குத் தானாக மாறிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறை ஒட்டிய பயணமாக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள். கையில் ஒரு சாதாரண கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டால் குழப்பமே இல்லை.

படி 7: அன்றைய நாள்

கப்பலிலிருந்து இறங்கியதும் தலையை நிமிர்த்தி ஃப்ளோயனைப் பாருங்கள். உச்சியில் உள்ள வெள்ளைக் கட்டடம் தெரிகிறதா? தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு நேராக மலை ரயிலுக்குப் போங்கள். தெரியாவிட்டால் பிரிக்கனிலிருந்து தொடங்குங்கள், மலை பிறகு வரட்டும்.

பிரிக்கன் என்பது துறைமுகத்தின் ஓரத்தில் தோளோடு தோள் உரசி நிற்கும் மரவீடுகளின் வரிசை. படங்களில் காண்பது முகப்பு மட்டும்தான், அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். வீடுகளுக்கு நடுவே உள்ள சந்துகளுக்குள் நுழையுங்கள். மேல்மாடி நடைகள் இருபுறமும் நீண்டு வந்து தலைக்கு மேல் கூரை மாதிரி மூடும். மழைக்கு ஒதுங்கவும் இடம், பார்க்கவும் இடம். மரச்சுவரில் ஈரம் ஏறி நிறம் ஆழமாகியிருக்கும். தார் வாசனை வரும்.

1360 வாக்கில் ஜெர்மனியின் ஹன்சா வணிகர் கூட்டமைப்பு இங்கே தன் கிடங்கை நிறுவியது. வடக்கே லோஃபோட்டனில் குளிர்காற்றில் உலர்த்திய காட் மீன் கருவாடு இங்கே வந்து இறங்கும், மாற்றாகத் தானியம் வடக்கே போகும். 1754 வரை நானூறு வருடம் நடந்த வணிகம். மரக்கட்டடங்கள் என்பதால் உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது. குளிரிலும் இருட்டிலும் விளக்கில்லாமல், அடுப்பில்லாமல்தான் வேலையாட்கள் இருந்தார்கள். சமையலுக்கும் குளிர் காயவும் பின்னால் தனியாகக் கூடங்கள் கட்டி வைத்திருந்தார்கள். ஷோட்ஸ்தூவனெ என்ற அந்தக் கூடங்களைப் பார்க்க முடிந்தால் தவறவிடாதீர்கள். அக்டோபர் மாதத்து ஈரக்குளிரில் நீங்களே அரை மணி நேரம் சந்தில் நின்றுவிட்டு உள்ளே நுழையும்போது, அந்தக் கூடம் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று உடம்பே சொல்லும். இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் தீ விடவில்லை. 1702இல் எல்லாம் எரிந்து பழைய அமைப்பிலேயே மறுபடி கட்டினார்கள். 1955இல் ஒரு பகுதி போனது. இப்போது மிஞ்சியிருப்பவை 62 கட்டடங்கள், 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில்.

மழையைப் பற்றி நான் நினைத்திருந்ததை மாற்றியது ஒரு செய்தி. இந்த வீடுகள் நிற்கும் தரை பாறை இல்லை. நூற்றாண்டுகளாகக் கடலை நிரப்பி நிரப்பி உருவாக்கிய மண், மரத்துண்டு, குப்பை. அது நீரில் ஊறிக் கிடக்கும் வரை காற்று புகாது, காற்று புகாத வரை அழுகாது. பக்கத்தில் நவீன கட்டுமானம் வந்தபோது நிலத்தடி நீர் வடிந்து இறங்கியது. மண்ணில் காற்று புகுந்தது, அடிமரங்கள் மட்கத் தொடங்கின, வீடுகள் அமிழ ஆரம்பித்தன. பல வருட ஆய்வுக்குப் பிறகு நீர் வடிவதைத் தடுத்து, மழைநீரைத் தரைக்குள் இறக்க வழி செய்தார்கள். பெய்யும் மழையை வடிகாலுக்கு அனுப்பாமல் தரைக்குக் கொடுப்பதுதான் வைத்தியம். அடுத்த முறை சந்தில் நின்று மழையைத் திட்டத் தோன்றினால், காலுக்குக் கீழே அது என்ன வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1955 தீக்குப் பிறகு நடந்த அகழாய்வில் கிடைத்தவை பக்கத்திலுள்ள பிரிக்கன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய வடநாட்டு எழுத்தான ரூன் எழுத்தில் பொறித்தவை, பெரும்பாலும் மரக்குச்சிகள், நூற்றுக்கணக்கில் இந்த மண்ணில் கிடைத்தன. வணிகக் கடிதம், காதல், பெயர்ச்சீட்டு எல்லாம் அதில் உண்டு. ஒரு குச்சியில், நீ வீட்டுக்கு வர வேண்டும் என்று க்யூடா சொல்வதாக ஒரு வரி. எந்த மதுக்கடையில் உட்கார்ந்திருந்தவனுக்குப் போனதோ. அந்தக் குச்சியும் மட்காமல் இருந்தது ஈரத்தால்தான்.

பிரிக்கனை முடித்து வெளியே வந்ததும் மறுபடி மலையைப் பாருங்கள். அன்று முழுவதும் இதுவே பழக்கமாக இருக்கட்டும். மலை ரயில் நிலையம் மீன் சந்தையிலிருந்து இரண்டு நிமிட நடை. மேகம் விலகத் தொடங்கினால் காப்பியைப் பாதியில் விட்டுவிட்டுக்கூடப் போகலாம். 1918இல் தொடங்கிய ரயில் அது, கடல் மட்டத்திலிருந்து 320 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிடங்களில் ஏற்றிவிடும். சக்கர நாற்காலியும் போகலாம். மேலே போனதும் பார்வை மேடையில் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் இறங்கிவிடாதீர்கள். பின்பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் காடு. ஸ்குமாக்கர்தீக்கெ என்ற சின்ன ஏரியைச் சுற்றி அகலமான பாதை இருக்கிறது, பெரியவர்களும் நடக்கலாம். பாசி போர்த்திய மரங்களுக்கு நடுவே மேகம் நுழைந்து வெளியேறும். காட்சி எதுவும் தெரியாத நாளிலும் இந்தக் காடு மட்டும் ஏமாற்றுவதில்லை. இறங்கும்போது நடந்து வரலாம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இலை உதிர்ந்த ஈரச்சரிவு என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் ரயிலிலேயே வரட்டும்.

உல்ரிக்கன் 643 மீட்டர், ஃப்ளோயனை விட இருமடங்கு உயரம். இலையுதிர்காலத்தில் அதன் தலை பெரும்பாலும் மேகத்துக்குள்தான். பளிச்சென்ற நாள் வாய்த்தால் மட்டும் போங்கள்.

அடைப்பு நாளாகிவிட்டால் கலங்க வேண்டாம், கோடே கலை அருங்காட்சியகங்களுக்குப் போங்கள். ஊர் நடுவில் எண்கோணக் குளத்தை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ராஸ்முஸ் மேயர் கட்டடம். எட்வர்ட் மூங்க் வரைந்தவற்றில் பலவற்றை மேயர் என்ற பெர்கன் வணிகர் வாங்கிச் சேர்த்தார். மாலை நேர ஆஸ்லோ வீதியில் வெளிறிய முகங்கள் நம்மை நோக்கி வரும் 1892ஆம் ஆண்டு ஓவியம் இங்கேதான் இருக்கிறது. கோடேயில் நிகோலாய் அஸ்த்ரூப்பையும் தேடிப் பாருங்கள். இந்த மேற்குக் கரையிலேயே வாழ்ந்து இதன் ஈரப் பச்சையை வரைந்தவர். அவர் படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் மலைச்சரிவின் பச்சை வேறு மாதிரி தெரியும்.

இசையில் ஈடுபாடு இருந்தால் ட்ரோல்ஹௌகன். இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1885இலிருந்து வாழ்ந்த வீடு, ஏரிக்கரையில் அவர் உட்கார்ந்து எழுதிய சிறு குடில், பாறைக்குள் அவரும் மனைவி நீனாவும் உறங்கும் இடம். பீபானென் என்ற டிராமில் ஹோப் நிறுத்தம் வரை போய், அங்கிருந்து அரை மணி நேரம் நடக்க வேண்டும். போய்வர மூன்று மணி நேரம். டிராமுக்கு ஏறும் முன்பே சீட்டு வாங்கிவிடுங்கள், செயலியில் அல்லது நிறுத்தத்து இயந்திரத்தில். சீட்டில்லாமல் பிடிபட்டால் அபராதம் கனமானது.

ஸ்கோல்டனில் கப்பல் நின்றால் கோட்டைக்குள் இருக்கும் ஹோகோன் மண்டபத்தைத் திரும்பும் வழியில் பார்த்துவிடலாம். 1261இல் அரசகுமாரன் மாக்னுஸின் திருமணத்துக்குத் தயாரான கல் மண்டபம். 1944 ஏப்ரல் 20 அன்று துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்து அதன் கூரை போனது, பிறகு சீரமைத்தார்கள்.

தொழுநோய்க் கிருமியை அர்மௌவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தது இதே ஊரில்தான் என்பதை மருத்துவத் துறையில் உள்ளவர்கள் அறிவார்கள். பழைய தொழுநோய் மருத்துவமனையான செயின்ட் யோர்கன் அருங்காட்சியகமாக இருக்கிறது, ஆனால் கோடையை ஒட்டித்தான் திறப்பார்கள்.

படி 8: சாப்பாடு

மீன் சந்தை கேட்க நன்றாக இருக்கும், விலையும் அப்படியே. குரோனரை ரூபாயாக மாற்றிக்கொண்டு விலைப்பலகையைப் படித்தால் பசி கொஞ்சம் அடங்கும். வெளிக்கடைகள் குளிர் தொடங்கியதும் குறைந்துவிடும், உள்ளரங்கச் சந்தை இருக்கும். ஒன்றே ஒன்று சாப்பிடுவதானால் பெர்கன் மீன் சூப். பாலேடு சேர்த்து, லேசான புளிப்போடு, சூடாக வரும். நனைந்து வந்தவருக்கு அதை விட நல்லது இல்லை.

சைவம் என்றால் தனியாகத் தேடித்தான் ஆக வேண்டும். காப்பிக்கடைகளில் ஷில்லிங்ஸ்போலெ என்ற லவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி கிடைக்கும். பழைய ஷில்லிங் காசுக்கு விற்றதால் வந்த பெயர், இந்த ஊரின் அடையாளம். பழுப்புச் சீஸ் சீவிப் போட்ட வாஃபிளும் கிடைக்கும். இனிப்பும் உப்புமாகப் பால்கோவா அடிப்பிடித்த ருசி, முதல் கடி விநோதமாக இருக்கும், இரண்டாவது பிடித்துவிடும். வயிற்றுக்கு நிறைவான காலைச் சாப்பாட்டைக் கப்பலிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையானது. பெர்கனில் பல வருடமாக ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. டிராமில் பின்னாலிருந்து யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்தால் திரும்பிப் பாருங்கள், சைவச் சாப்பாடு எங்கே என்று கேட்க அதை விட நல்ல இடம் இல்லை.

படி 9: திரும்புதல்

ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கப்பலை நோக்கித் திரும்பிவிடுங்கள். யெக்தெவீக்கனில் நிற்கிறீர்கள் என்றால் ஒன்றரை. மழை கனத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஷட்டிலுக்கு ஓடி வருவார்கள். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

அறைக்கு வந்ததும் ஜாக்கெட்டைக் குளியலறைக் கொடியில் விரித்துப் போடுங்கள். ஷூவின் உள்ளட்டையை உருவி எடுத்துவிட்டு உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள், இரவில் ஒரு முறை மாற்றுங்கள், காலையில் காய்ந்திருக்கும். பிறகு உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு மேல்தளத்துக்குப் போங்கள். அக்டோபர் மாலையில் கப்பல் புறப்படும் நேரத்துக்கு ஊரில் விளக்கேற்றத் தொடங்கியிருப்பார்கள். அந்த இரண்டாம் பயணத்தில் அம்மா கம்பளி மஃப்ளரை இழுத்து மூடிக்கொண்டு, மலை ரயிலின் விளக்கு கோடாக மேலே ஏறுவதைக் கப்பல் திசை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.